பால் டப்பாவில் வானத்துத் தூசி

வெள்ளைக் கோப்பையில ஒரே ஒரு கருப்புப் புள்ளி விழுந்தாப் போதும், அது முதல் தரத்துலேருந்து இறங்கிடும். விருத்தாசலத்துல பீங்கான் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நாங்க அதைப் பொட்டுன்னு சொல்லுவோம். சூளையிலேருந்து வர்ற சாமானை ஒவ்வொண்ணா எடுத்து, விளிம்பைத் தடவி, வெளிச்சத்துல திருப்பிப் பார்த்து, "இது பொட்டு, இதுவும் பொட்டு"ன்னு ஓரமா ஒதுக்குவாங்க. நடுவுல மிளகுத்தூள் அளவுக்குக் கருப்பு, அதைச் சுத்தி மஞ்சளா ஒரு கறை. அப்படி ஒதுக்கினதை வேப்பூர் ரோட்டு டீக்கடைக்காரங்க வந்து பேரம் பேசி வாங்கிட்டுப் போவாங்க.

பொட்டுக்குக் காரணம் இரும்பு. களிமண்ணுல கொஞ்சம் இருக்கும், அரைக்கிற மில்லுலேருந்து கொஞ்சம் வரும். அந்த இரும்பைப் பிடிக்கத்தான் காந்தம். மண்ணைத் தண்ணியில கரைச்சு, கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டாந்து, சல்லடையில வடிப்போம். அதுக்கு ஸ்லிப்புன்னு பேரு. வடிச்ச ஸ்லிப்பு ஒரு மரத்தொட்டி வழியா ஓடி அச்சுப் பக்கம் போவும். தொட்டிக்குள்ள அடிப்பக்கத்துல வரிசையா காந்தக் கட்டைங்க. ஸ்லிப்பு அதுங்க மேல ஏறி இறங்கிப் போறப்ப இரும்பு ஒட்டிக்கும். ஒட்டினதை அப்பப்பத் துடைச்சு எடுக்கணும். எடுக்கலைன்னா காந்தம் நெறஞ்சு போயி, அதுக்கப்பறம் வர்றதெல்லாம் நேரா கோப்பைக்குள்ள போயிடும்.

அந்தக் காந்தத்தைத் துடைக்கிறது ஒரு அக்காவோட வேலை. முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவங்களுக்கு. திட்டக்குடி பக்கம் மங்களூர்லேருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. ஸ்லிப்புல கைய விட்டு விட்டு முழங்கை வரைக்கும் எப்பவும் வெள்ளையாத்தான் இருக்கும். பல வருஷமா தினக்கூலி. அந்தப் பொங்கலுக்கு முன்னாடி போடப்போற பர்மனண்ட் லிஸ்ட்டுல அவங்க பேரு இருக்குதுன்னு பேச்சு. பர்மனண்ட்னா என்னன்னு இப்ப இருக்கறவங்களுக்குச் சொல்லணும். காய்ச்சல்ல படுத்தா லீவு உண்டு. மழைன்னு சூளை பத்தவைக்கலைன்னாலும் கூலி உண்டு. "நாளைக்கு வராதே"ன்னு ஒருத்தன் வாய்க்கு வந்தபடி சொல்லிட முடியாது. அக்காவுக்கு அதுல இந்தக் கடைசி விஷயம்தான் பெருசு.

நான் அங்க லேப்புல இருந்தேன். எழுபதுகளோட தொடக்கம், எனக்கு இருபத்துமூணு வயசு. சிதம்பரத்துல தங்கி பி.எஸ்ஸி. வேதியியல் முடிச்சுட்டு வந்திருந்தேன். எங்க அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, கடைவீதியில ஜவுளிக்கடை. "பாய் வூட்டுப் பொண்ணு பட்டறைக்கு வேலைக்குப் போவுதாமே"ன்னு கடைக்கு வர்றவங்க கேப்பாங்க. அத்தா சிரிச்சுச் சமாளிப்பாரு. நான் இருந்தா, "ஆமா போவுது, உங்களுக்கு என்ன கொறையுது?"ன்னு கேட்டுடுவேன். கோவம் எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும். இப்பவும் அப்படித்தான், கண்ணாடி போட்டதால கொஞ்சம் பின்னால தள்ளி உக்காந்திருக்குது.

லேப்புன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு ரூம்பு, ஒரு ஜன்னல், தராசு, மருந்து பாட்டிலுங்க, எங்கயோ ஒரு காலேஜ்ல கழிச்சுக் கட்டின பித்தளை மைக்ராஸ்கோப்பு ஒண்ணு. அதோட திருகு தேஞ்சு போனது. ஒரு விரலால குழாயைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே பார்க்கணும், விட்டா சரசரன்னு இறங்கிடும்.

மத்தியானம் அந்த அக்காவும் நானும் லேப்புக்குப் பின்னால உக்காந்து ஒண்ணா சாப்பிடுவோம். என் டப்பாவுல இருக்கற மீனு அவங்களுக்கு, அவங்க கேழ்வரகுக் களி எனக்கு. ஆளுங்க முன்னாடி என்னை "மேடம்"னு மரியாதையா கூப்பிடுவாங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்ப "பாப்பா". எங்க அம்மாவுக்கு அப்பறம் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆளு அவங்கதான். அது எனக்கு ரொம்பப் புடிக்கும். சொன்னதில்ல.

அந்த வருஷம் ஐப்பசியில மழை புடிச்சு ஊத்துச்சு. எங்களுக்கு மழை வேணும். ஏன்னா எங்க போர்த் தண்ணி ஒரே உப்பு, அதுல கரைச்சா ஸ்லிப்பு திரிஞ்ச பாலு மாதிரி திப்பித் திப்பியா நிக்கும். அதனால பெரிய ஷெட்டுக் கூரையில விழுற மழைத்தண்ணியை ஒரு குழாய் வெச்சு சிமெண்ட் தொட்டியில சேர்த்து, அதுலதான் மண்ணு கரைப்போம். மழை வந்தா எங்களுக்குக் கொண்டாட்டம்னு வெச்சுக்குங்க. ஆனா அந்தத் தடவை புதுத் தண்ணியில கரைச்ச முதல் சூளையைத் திறந்தப்பவே ஆளாளுக்கு முகம் தொங்கிப் போச்சு. எங்க பார்த்தாலும் பொட்டு. அடுத்த சூளையில இன்னும் ஜாஸ்தி.

ஷெட்டு சூப்பர்வைசர் ஒருத்தர் இருந்தாரு. குரல் பெருசு. அவரு நேரா போயி அக்கா முன்னால நின்னாரு. "காந்தத்தைத் துடைன்னா துடைக்கிறதில்ல. நாள் பூரா கதை. உன்னாலதான் ரெண்டு சூளை போச்சு." எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அக்கா, "தொடச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்"னு சொன்னாங்க. "வெள்ளிக்கிழமை மேனேஜர் கேப்பாரு, அங்க வந்து சொல்லு. லிஸ்ட்டுல பேரு இருந்தா பார்த்துக்கலாம்"னுட்டு அவரு போயிட்டாரு.

அன்னிக்குத் திங்கக்கிழமை. கொஞ்ச நேரத்துல அக்கா லேப்புக்கு வந்தாங்க. கையில ஒரு பால் பவுடர் டப்பா. மூடியைத் திறந்தா உள்ள கருப்பா, ஈரமா, மை மாதிரி. "காந்தத்துலேருந்து தொடச்சது பாப்பா. வழக்கமா அள்ளிப் பின்னால கொட்டிடுவேன். இந்தத் தடவை இவ்ளோ வருதேன்னு எடுத்து வெச்சேன். அந்தக் கண்ணாடியில இது என்னன்னு பாரேன். ஆடி மாசம் அங்க மேல..."

"இரு அக்கா, இரு, நீ ஒண்ணும் சொல்லாத. நான் பார்த்துச் சொல்றேன்"னு டப்பாவைப் புடுங்கிக்கிட்டேன். எனக்கு அந்த சூப்பர்வைசர் மேல இருந்த கோவத்துல வேற எதுவும் காதுல ஏறலை. அவங்களும் சரின்னு போயிட்டாங்க.

அலசிக் காய வெச்சு, கண்ணாடித் தட்டுல தூவிப் பார்த்தேன். இரும்புத் தூளுக்குக் கீழேருந்து வர்ற வெளிச்சம் உதவாது, எல்லாம் வெறும் நிழலாத் தெரியும். டேபிள் லைட்டைச் சாய்ச்சுப் பக்கத்துலேருந்து அடிக்கணும். அப்படி அடிச்சதும், யப்பா! துருச் செதிலுங்க இருந்துச்சு, மில்லுலேருந்து வந்த சுருள் சுருளான சீவல் இருந்துச்சு, அதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். அதுங்களுக்கு நடுவுல உருண்டைங்க. கருகருன்னு, பளபளன்னு, தீட்டின கம்பு மணி மாதிரி அவ்வளவு சுத்தமான உருண்டை. ஒவ்வொண்ணு மேலயும் என் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியா நின்னுச்சு. ஒண்ணு ரெண்டுக்குச் சின்ன வால். ஒண்ணு ரெண்டு கண்ணாடி மாதிரி. மண்ணை ஒடைச்சா உருண்டை வராது. இரும்பைத் தேச்சாலும் வராது. உருகி, காத்துல மிதந்து, ஆறினாத்தான் இப்படி உருளும். இது என் படிப்பு சொல்லிக் குடுத்தது. அதுவரைக்கும் நான் நெனச்சது சரிதான்.

அதுக்கு முந்தின மாசம்தான் லைப்ரரியில ஒரு அறிவியல் பத்திரிகையில படிச்சிருந்தேன். வானத்துலேருந்து நாள் தவறாம தூசி விழுதுன்னு. கல்லு மாதிரி பெருசா எரிஞ்சு விழுறது எப்பவோ ஒண்ணு. ஆனா கண்ணுக்குத் தெரியாத பொடி டன் கணக்குல இறங்கிக்கிட்டே இருக்குதாம். வால் நட்சத்திரம் உதுத்தது, கோள் ஆகாம மிஞ்சிப் போனது. காத்து மண்டலத்துக்குள்ள நுழையறப்ப சூடாகி உருகி, ஆறி, உருண்டையாயிடுதாம். ஆழக் கடல் அடியில சேறு அள்ளிக் காந்தம் விட்டுப் பார்த்தவங்க இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. கூரையில விழுற மழைத்தண்ணியில காந்தத்தைப் போட்டு நீங்களும் எடுக்கலாம்னு எழுதியிருந்துச்சு. கூட ஒரு படம். கருப்பு உருண்டை.

கூரை, மழைத்தண்ணி, காந்தம். எங்க பட்டறையில மூணும் வரிசையா இருக்குது! குழாயைத் தாங்கிப் பிடிச்சிருந்த விரலை மறந்து எடுத்துட்டேன், லென்ஸு இறங்கித் தட்டுல இடிச்சுடுச்சு.

அதுல என்ன இருக்குதுன்னு பத்திரிகையில போட்டிருந்ததுதான் எனக்கு இன்னும் வேடிக்கை. சில உருண்டை இரும்பு. சிலது கல்லு. கல்லுன்னா சிலிக்கா, மக்னீசியம், கொஞ்சம் இரும்பு. சிலிக்கா எங்க கோடவுன்ல மூட்டை மூட்டையா கெடக்குது. மக்னீசியம் வேணும்னா மாக்கல்லுப் பொடி அதுக்குப் பக்கத்து அடுக்குல. இரும்பு வேண்டாம்னாலும் வருது. வால் நட்சத்திரத்தை வாட்டி வார்க்கறதுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் எங்க கணக்குப்பிள்ளை பூட்டுக்குள்ளதான் இருந்துச்சு. பின்னால ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சேன், உருகாமலே மெதுவா இறங்குற தூசியும் உண்டு, அது உருண்டையா இருக்காது, அடிப்பிடிச்ச ரவை உப்புமாவை உதுத்த மாதிரி ஓட்டை ஓட்டையா, கரி கலந்து இருக்கும்னு. அதைப் பிடிக்க ரொம்ப உயரத்துல விமானம் பறக்கவிட்டாங்க. எங்ககிட்ட மரத்தொட்டிதான் இருந்துச்சு.

மத்தியானம் சாப்பிடறப்ப அக்காகிட்ட சொன்னேன். "அக்கா, இது யாரு தப்பும் இல்ல. வானத்துலேருந்து விழுந்தது. நட்சத்திரத் தூசி."

அக்கா களியை உருட்டிக்கிட்டே மேல ஒரு தடவை பார்த்தாங்க. "அப்ப வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வானத்தையா கூப்பிடுவாங்க?"ன்னாங்க. நான் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிப் போச்சு.

செவ்வாக்கிழமை ரிப்போர்ட் எழுதினேன். சுத்தமான எழுத்துல ஒன்றரைப் பக்கம். பொட்டுக்குக் காரணம் வானத்துலேருந்து விழுந்த உலோகத் துகள், மழைத்தண்ணி வழியா வந்திருக்குது, இதுக்கு யாரும் பொறுப்பு இல்ல. சூப்பர்வைசர்கிட்டதான் குடுக்கணும். அந்த ஆளு கத்துவாரு, பதிலுக்கு நாமளும் கத்தணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். அவரு படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. முகம் மலர்ந்து போச்சு. "ரொம்ப நல்லாருக்குது மேடம். வானத்தை யாரு என்ன பண்ண முடியும்? நானே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், அந்தம்மாவை விட்டுடலாம்." எனக்கு ஏமாத்தமாக்கூட இருந்துச்சு, சண்டை போடவே விடலையேன்னு. இவரு எதுக்கு இவ்வளவு சந்தோஷப்படறாருன்னு நான் யோசிக்கலை. யோசிச்சிருக்கணும்.

அக்கா கண்ணு கலங்கிடுச்சு. "அப்ப பேரு இருக்குதா பாப்பா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. "இருக்குது, போ"ன்னேன், ஏதோ நானே லிஸ்ட்டு போடறவ மாதிரி.

புதன்கிழமை சாயங்காலம் லைப்ரரிக்குப் போனேன். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கணும்னு ஆசை. அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு, பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல, தொடர்ச்சி பின்னால இன்ன பக்கம்னு. மொத தடவை நான் அதைப் பார்க்கவே இல்ல. திருப்பிப் பார்த்தா அங்க பாதிப் பக்கம் மிச்சம் இருக்குது. அதுல முதல் வரியே, ஊருக்குள்ள கிடைக்கிற கருப்பு உருண்டையில பெரும்பாலும் வானத்துலேருந்து வந்தது இல்ல, வெல்டிங், கரிப்புகை, பட்டறைத் தூசின்னு. வானத்து இரும்புன்னா அதுல நிக்கல் இருக்கணுமாம். பெரும்பாலும் உள்ள கெட்டியா இருக்குமாம். மேல்புறத்துல நெசவு மாதிரி நுணுக்கமா கோடு ஓடுமாம்.

அங்கேயே உக்காந்து என்னை நானே திட்டிக்கிட்டேன். அரைக் கட்டுரை படிச்சுட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினவ நான்.

வியாழக்கிழமை காலையில முதல் வேலையா ஒரு உருண்டையை ஊசி முனையால அழுத்தினேன். முட்டை ஓடு மாதிரி பட்டுன்னு போச்சு. உள்ள காலி. இன்னொண்ணு. அதுவும் காலி. நிக்கலுக்கு ஒரு மருந்து எங்க லேப்புலேயே இருந்துச்சு, சாமான் மேல பூசுற சாம்பல் நிற கிளேஸுக்கு நிக்கல் சேர்ப்போம், அதுக்காக வாங்கினது. உருண்டைங்களை வெள்ளைக் குழித்தட்டுல போட்டு, சூடான ஆசிட்டுல கரைச்சு, இரும்பு குறுக்கே வராம இருக்க டார்ட்டாரிக் ஆசிட் சேர்த்து, மூக்குல ஏறுற அளவுக்கு அம்மோனியா விட்டு, அந்த மருந்து ரெண்டு சொட்டு. நிக்கல் இருந்தா ரோஸ் நிறம் வரும், சந்தேகமே வேண்டாம். வரலை. அடுத்த குழி, வரலை. ஒரு வரிசை பூரா வெறும் மஞ்சள்.

விட மனசு இல்லாம டப்பாவைத் திரும்பக் கிளறினேன். ஒண்ணே ஒண்ணு வேற மாதிரி இருந்துச்சு. பளபளப்பு இல்ல, மங்கல். லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா மேல கோடு கோடா நுணுக்கமான நெசவு. ஊசியால அழுத்தினேன், ஒடையலை. தனிக் குழியில போட்டுக் கரைச்சேன். மருந்து விட்டதும் ஓரத்துல லேசா, வெத்தலை போட்ட நாக்கு நிறத்துல ஒரு கீத்து. நான் கத்தின கத்துல வெளிய போன ஆளு உள்ள எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. அது வானத்துலேருந்துதான் வந்துச்சான்னு இன்னிக்கும் சத்தியம் பண்ண மாட்டேன், சில வெல்டிங் கம்பியிலயும் நிக்கல் உண்டு. ஆனா அந்தக் கோடு வெல்டிங்ல வராதுன்னு படிச்சிருந்தேன். காட்டலாம்னா கையில ஒண்ணும் இல்ல. சோதிச்சுப் பார்த்ததுலேயே கரைஞ்சு போச்சு.

ஆனா மத்ததெல்லாம்? எங்கேருந்து வந்துச்சு? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். சேலை முந்தானையை விரிச்சுக் காட்டினாங்க. பொடிப் பொடியா ஓட்டை, ஓரமெல்லாம் கருகி. "ஆடி மாசம் கூரை எரவாரம் இறங்குதுன்னு மேல வெல்டிங் வெச்சாங்களே பாப்பா, நாளு கணக்கா. பொறி எங்க தலையில எல்லாம் கொட்டுச்சே. கூரையைக் கூட்டுங்கன்னு நான் அப்பவே சொன்னேன். சூப்பர்வைசருதான் மழை வந்தா தானா போயிடும்னுட்டாரு. திங்கக்கிழமை அதைத்தான் சொல்ல வந்தேன்."

மழை வந்துச்சு. தானா போயிடுச்சு, நேரா எங்க தண்ணித் தொட்டிக்கு. அந்த ஆளு முகம் ஏன் மலர்ந்துச்சுன்னும் எனக்கு இப்பப் புரிஞ்சுது. கொதிச்சுப் போயிட்டேன்.

"வேற ரிப்போர்ட் எழுதப் போறேன்கா. பழசை வாபஸ் வாங்கப் போறேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. "வானம்னே இருந்துட்டுப் போவட்டுமே பாப்பா. அவரே விட்டுடறேன்னு சொல்லிட்டாரு. நீ இதை எழுதினா அந்த ஆளு சும்மா இருப்பாரா?"

"பொய்யை எழுதி வெச்சுட்டு என்னால இருக்க முடியாதுக்கா. வெல்டிங்னு எழுதினாலும் உன் மேல தப்பு இல்லைன்னுதானே ஆவுது? நான் பார்த்துக்கறேன்"னேன். அவங்க தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. அது சரிங்கற ஆட்டலா, இல்லையான்னு நான் கவனிக்கலை.

அன்னிக்கு எழுதினது ரெண்டரைப் பக்கம். உருண்டையோட நிறம், அளவு, உள்ள காலி, நிக்கல் இல்ல, ஆடி மாச வெல்டிங், கூட்டாத கூரை. அந்த ஒத்தை உருண்டைக்கு மட்டும் அரைப் பக்கம். அதைப் பத்தி எழுதறப்ப பேனா நிக்கவே இல்ல. இந்தத் தடவை சூப்பர்வைசர்கிட்ட குடுக்கலை, நேரா மேனேஜர் மேசையில வெச்சேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ரூம்புல நாலு பேரு. மேனேஜர், சூப்பர்வைசர், நான், கதவோரமா அக்கா. மேனேஜர் பொறுமையானவரு, ரெண்டரைப் பக்கத்தையும் வாய்விட்டே படிச்சாரு. கூட்டாத கூரைன்னு வந்தப்ப சூப்பர்வைசர் கழுத்து செவந்து போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. படிச்சு முடிச்சதும் சூப்பர்வைசர் எழுந்தாரு.

"சரி சார். வெல்டிங்னே வெச்சுக்குவோம். கூரை கூட்டாதது என் தப்புன்னே வெச்சுக்குவோம். வெல்டிங் உருண்டை என்ன, இரும்புதானே? அந்த இரும்பைப் பிடிக்கத்தானே காந்தம் இருக்குது? துடைச்சிருந்தா பிடிச்சிருக்கும். துடைக்கலை, அதனால கோப்பைக்குள்ள போயிடுச்சு. நான் மொதல்லேருந்து சொல்றது அதைத்தான். வானமா இருந்திருந்தா நான் விட்டிருப்பேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினாரு. "ஏம்மா, இவங்க ஒழுங்காத் துடைச்சாங்களா இல்லையான்னு உங்க ரிப்போர்ட்ல எங்கயாவது இருக்குதா?"

காகிதத்தை வாங்கித் திருப்பினேன். இருக்கும்னுதான் நெனச்சேன். முதல் பக்கத்துல உருண்டை. ரெண்டாம் பக்கத்துல உருண்டை, வெல்டிங். கடைசி அரைப் பக்கத்துல அந்த ஒத்தை உருண்டை. திரும்பவும் முதல்லேருந்து பார்த்தேன். முந்தின ரிப்போர்ட்டுலயும் இல்லைங்கறது அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு. "இல்லைங்க சார்"னேன்.

சூப்பர்வைசர் உக்காந்தாரு. கதவோரத்துல அக்கா நின்ன எடம் காலியா இருந்துச்சு. அழுதுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். லிஸ்ட்டுல இருந்த பேரை நானே என் கையால அடிச்சுட்டேன்னு தோணுச்சு.

கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தாங்க. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூணு பால் பவுடர் டப்பா. மேனேஜர் மேசை மேல ஒண்ணொண்ணா வெச்சாங்க. வெச்ச ஒவ்வொரு தடவையும் மேசையில தொம்முன்னு சத்தம்.

"இது காந்தத்துலேருந்து நான் தொடச்சது சார். ஷிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை தொடைக்கணும்னு சட்டம். இவ்ளோ வருதேன்னு நான் அரை மணிக்கு ஒரு தடவை தொடச்சேன். அப்பவும் நெறஞ்சு நெறஞ்சு வந்துச்சு. தொடைக்காம இருந்தா டப்பா எப்படி சார் ரொம்பும்? நாலாவது டப்பா மேடம்கிட்ட இருக்குது."

மேனேஜர் ஒரு டப்பாவை ஒரு கையால தூக்கப் பார்த்து, முடியாம ரெண்டு கையையும் போட்டுத் தூக்கினாரு. மூடியைத் திறந்து பார்த்தாரு. அப்பறம் சூப்பர்வைசரைப் பார்த்தாரு. "கூரையைக் கூட்டி, தொட்டியைக் காலி பண்ணிக் கழுவுங்க. இவங்க பேரு லிஸ்ட்டுல இருக்கட்டும்"னாரு.

நாலு நாளா அந்த நாலாவது டப்பா என் மேசையில, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்துலேயே இருந்துச்சு. அதுக்குள்ள இருந்த தூசியில ஒவ்வொண்ணையும் நான் பார்த்திருக்கேன், ஒடைச்சிருக்கேன், கரைச்சிருக்கேன். மத்த மூணு டப்பாவும் காந்தத் தொட்டிக்கு அடியில வரிசையா இருந்ததையும் தினம் பார்த்திருக்கேன். இது டப்பாவுக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணலை. எனக்கு அவமானமா இருந்துச்சு. இப்ப எழுதறப்பவும் இருக்குது.

வெளிய வந்ததும் வராண்டாவுல ஓடிப் போயி அவங்களைப் பிடிச்சேன். "மன்னிச்சுக்கக்கா. நீ எழுத வேண்டாம்னு சொன்னே. எழுதினதுலயும் எழுத வேண்டியதை எழுதலை. எனக்குத் தோணவே இல்லக்கா."

அவங்க முகத்துல கோவம் இல்ல. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டாங்க. அந்த ஓட்டை விழுந்த முந்தானைதான்.

"பரவால்லைங்க மேடம்"னு சொல்லிட்டு காந்தத்துப் பக்கம் நடந்துட்டாங்க.

நான் சுத்திப் பார்த்தேன். வராண்டாவுல எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இல்ல.